தொண்ணூற்றாறு முறை பாதியாகும் எண்

(உத்திரமேரூரில் மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பகவான் மகாவீரரின் பிறந்தநாள் விழாவில் அகிம்சையைப் பற்றியும் அனேகாந்தத்தைப் பற்றியும் பேசுவது வழக்கம். இவ்வாண்டு விழாக் குழுவினர் "ஆகமத்தில் எண்" என்னும் பொருளை எனக்கு அளித்தனர். தமிழ் கற்பித்தவரிடம் கணக்கை ஒப்படைத்தது ஏன் என்று சிலர் வியக்கலாம். எண்ணையும் எழுத்தையும் ஒருசேர வைத்துப் போற்றியது நம் மரபு. அன்றியும், இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் எண் ஒரு செய்யுளுக்குள் எழுத்துகளாக மறைந்திருக்கும் எண். ஆகவே அதனைப் பற்றிப் பேச இலக்கியம் பயின்றவருக்கும் சிறிது உரிமை உண்டு. பெருக்கலும் வகுத்தலும் அறிந்தவர் எவரும் இவ்வுரையைத் தொடரலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவாகவே தொடர்வார்கள்.

அந்த எண் இதுதான்:

79,22,81,62,51,42,64,33,75,93,54,39,50,336

மொத்தம் 29 இலக்கங்கள். 96 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் இது கிடைக்கும். பள்ளிக் கணக்கில் இதனை இரண்டின் 96-ஆம் அடுக்கு என்போம். நம் நூல்களில் இது பரியாப்த மானிடரின் தொகையாகச் சொல்லப்படுகிறது. உடல், புலன், மூச்சு முதலிய ஆற்றல்கள் நிறைவாக அமையப்பெற்ற உயிர்களே பரியாப்தர் எனப்படுவர்.

சுவேதாம்பர மரபினர் போற்றும் அனுயோகத்துவார சூத்திரம் இத்தொகையை நான்கு வகையாக அடையாளம் காட்டுகிறது. இது 29 இடங்களைக் கொண்டது என்பது ஒன்று. 24-ஆம் இடத்திற்கு மேலும் 32-ஆம் இடத்திற்கு உள்ளும் நிற்பது என்பது இரண்டு. இரண்டின் ஆறாம் வர்க்கத்தை ஐந்தாம் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது என்பது மூன்று. 96 முறை இரண்டால் வகுபடுவது என்பது நான்கு. திகம்பர மரபில் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இயற்றிய கோமடசாரத்தின் சீவகாண்டமும் இதே எண்ணைத் தருகிறது. வழிபாட்டிலும் ஒழுக்க விதிகளிலும் வேறுபட்ட இரு மரபுகளும் 29 இலக்கங்களில் ஓர் இலக்கம்கூட வேறுபடவில்லை.

பாதியாக்குதல்

நான்காவது அடையாளத்தை முதலில் பார்ப்போம். ஓர் எண்ணைப் பாதியாக்கிக்கொண்டே செல்வது நம் உழவர் குடும்பங்களுக்குப் புதிதன்று. இங்கே அமர்ந்துள்ள பெரியவர்கள் மரக்காலும் படியும் வைத்து நெல் அளந்தவர்கள். எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆகவே ஒரு கலம் 96 படி. அந்தக் கலத்தை இரு பங்காக்கினால் 48 படி. மீண்டும் பாதியாக்க 24, 12, 6, 3. ஐந்து முறை பாதியாக்கியபின் மூன்று படி நிற்கிறது. அதனையும் பாதியாக்கினால் ஒன்றரைப் படியாகி, முழு எண் உடைந்துவிடுகிறது. 96 என்னும் எண்ணுக்குள் ஐந்து இரண்டுகளும் ஒரு மூன்றும் அடங்கியிருப்பதே காரணம்.

கலத்தின் 96 ஐந்து பாதியில் உடைகிறது. நம் பேரெண்ணோ எத்தனை முறை பாதியாக்கினும் உடையாமல் வந்து, 96-ஆம் முறையில் சரியாக ஒன்றில் நிற்கிறது. இடையில் மூன்றோ ஐந்தோ ஏழோ குறுக்கிடுவதில்லை. முழுவதும் இரண்டு என்னும் ஒரே பகா எண்ணால் ஆனது அது.

இவ்வாறு ஓர் எண் எத்தனை முறை பாதியாகிறது என்னும் தொகைக்கு நம் ஆசிரியர்கள் ஒரு பெயர் வைத்தனர். அதுவே அர்த்தச்சேதம். அர்த்தம் என்றால் பாதி. சேதம் என்றால் வெட்டு. எட்டின் அர்த்தச்சேதம் 3. முப்பத்திரண்டின் அர்த்தச்சேதம் 5. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சட்கண்டாகமத்திற்குத் தவளா என்னும் பேருரை வரைந்த வீரசேன ஆசாரியர் இதனை ஒரு முறையான கருவியாகவே கையாள்கிறார். மும்முன்றாக வெட்டுவதற்கும் நான்கு நான்காக வெட்டுவதற்கும் அவரிடம் தனிப்பெயர்கள் உண்டு. இரண்டு எண்களைப் பெருக்கினால் அவற்றின் அர்த்தச்சேதங்களைக் கூட்டினால் போதும். வகுத்தால் கழித்தால் போதும் என்னும் விதிகளும் அவருக்குத் தெரியும். பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் இவ்வழியைத்தான் நாம் கல்லூரியில் மடக்கை என்னும் பெயரால் படிக்கிறோம். ஸ்காட்லாந்தில் நேப்பியர் தம் மடக்கை நூலை வெளியிட்டது 1614-இல். அவர் அமைத்தது எல்லா எண்களுக்கும் பயன்படும் விரிவான அட்டவணை. வீரசேனரிடம் இருப்பது அக்கருத்தின் வித்து. இரண்டையும் ஒன்றெனச் சொல்லுதல் முறையன்று. வித்து இருந்தது என்பதை மறைத்தலும் முறையன்று.

ஏழு பெருக்கலில் அடையும் எண்

இனி மூன்றாவது அடையாளம். இரண்டை எடுத்து அதனையே அதனால் பெருக்கினால் 4. இது முதல் வர்க்கம். நான்கை நான்கால் பெருக்கினால் 16. இது இரண்டாம் வர்க்கம். மூன்றாம் வர்க்கம் 256. நான்காம் வர்க்கம் 65,536. ஐந்தாம் வர்க்கம் 4,29,49,67,296. ஆறாம் வர்க்கம் 1,84,46,74,40,73,70,95,51,616.

கடைசி மூன்றிற்கும் பிராகிருதத்தில் தனிப்பெயர்கள் உண்டு. நான்காம் வர்க்கம் பண்ணட்டி; ஐந்தாவது பாதாலம்; ஆறாவது ஏகட்டி. பண்ணட்டி என்றால் அறுபத்தைந்து. பாதாலம் என்றால் நாற்பத்திரண்டு. எண்ணின் தலைப்பில் நிற்கும் இலக்கங்களையே அதற்குப் பெயராக்கிவிட்டார்கள். அடிக்கடி புழங்குகிற பொருளுக்குத்தான் மனிதர் சுருக்கப் பெயர் வைப்பார்கள். இப்பேரெண்கள் அக்கால மாணவர் நாவில் புழங்கின என்பதற்கு இப்பெயர்களே சான்று.

பாதாலத்தின் அர்த்தச்சேதம் 32. ஏகட்டியின் அர்த்தச்சேதம் 64. இரண்டையும் பெருக்கினால் 32-உம் 64-உம் கூடி 96. நம் எண் வந்துவிட்டது. இதில் ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டை இரண்டால், மீண்டும் இரண்டால் என ஒவ்வொரு படியாகப் பெருக்கிச் சென்றால் இவ்வெண்ணை அடைய 95 பெருக்கல்கள் தேவை. வர்க்க வழியிலோ ஆறு வர்க்கங்களும் இறுதியில் ஒரு பெருக்கலும், ஆக ஏழே பெருக்கல்கள். ஓலையும் எழுத்தாணியும் மட்டுமே இருந்த காலத்தில் இது எத்துணைப் பெரிய சிக்கனம்! இன்றைய கணிப்பொறிகளும் பேரடுக்குகளைக் கணக்கிட இவ்வழியையே பின்பற்றுகின்றன.

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நான்கு என்று வைத்துத் தரச் சொன்ன கதையை நீங்கள் அறிவீர்கள். அறுபத்துநான்கு கட்டங்களிலும் சேரும் மொத்த நெல் ஏகட்டிக்கு ஒன்று குறைவு. அரசனின் களஞ்சியத்தையே வென்ற அந்தத் தொகையை, நம் நூலோர் இடைவழியில் வரும் ஒரு படியாக மட்டுமே வைத்துக்கொண்டு மேலே சென்றனர்.

பெரிய எண், சில வகுத்திகள்

இவ்வளவு பெரிய எண்ணை எத்தனை எண்கள் மிச்சமின்றி வகுக்கும்? பலரும் இலட்சக்கணக்கில் இருக்கும் என்று எண்ணுவர். விடை 97 மட்டுமே. ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரண்டின் அடுக்குகள் மட்டுமே இதனை வகுக்கும். வேறு எதுவும் வகுக்காது.

இதனோடு நம் சமயத்தில் மிகவும் பழகிய வேறோர் எண்ணை ஒப்பிடுங்கள். 84 இலட்சம் யோனிபேதம் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். 84 இலட்சம் ஆண்டுகள் ஒரு பூர்வாங்கம். அதனை மீண்டும் 84 இலட்சத்தால் பெருக்கினால் ஒரு பூர்வம், அதாவது 70,56,000 கோடி ஆண்டுகள். இந்த 84 இலட்சம் ஏழே இலக்கங்கள் கொண்டது. ஆனால் இதற்குள் ஏழு இரண்டுகள், ஒரு மூன்று, ஐந்து ஐந்துகள், ஓர் ஏழு என நான்கு வகைப் பகா எண்கள் உள்ளன. ஆகவே இதனை மிச்சமின்றி வகுக்கும் எண்கள் 192. இருபத்தொன்பது இலக்க எண்ணுக்கு இருப்பதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு!

அந்தக் கணக்கை எப்படிச் செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதனோடு ஒன்றைக் கூட்டுங்கள். ஏழோடு ஒன்று எட்டு; ஒன்றோடு ஒன்று இரண்டு; ஐந்தோடு ஒன்று ஆறு; ஒன்றோடு ஒன்று இரண்டு. எட்டு, இரண்டு, ஆறு, இரண்டு ஆகியவற்றைப் பெருக்கினால் 192. நம் பேரெண்ணில் ஒரே பகா எண் 96 முறை வருவதால், 96-உம் ஒன்றும் சேர்ந்து 97.

எளிதில் பங்கிடத்தக்க எண்களை முறையாக ஆராய்ந்தவர் நம் இராமானுசன். கும்பகோணத்தில் வளர்ந்தவராயினும், சிறு வயதில் சில காலம் நம் காஞ்சிபுரத்துப் பள்ளியிலும் பயின்றவர். தமக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களைப் பற்றி 1915-இல் அவர் ஒரு பெருங்கட்டுரை வெளியிட்டார். பன்னிரண்டு அத்தகைய எண். இருபத்துநான்கு, அறுபது ஆகியனவும் அத்தகையன. அவர் தந்த பட்டியலின் இறுதியில் 67,46,32,83,88,800 என்னும் எண் நிற்கிறது. பதின்மூன்று இலக்கமே உடைய அதற்கு 10,080 வகுத்திகள். ஆக, எண்ணின் பருமன் வேறு, அதன் உள்ளமைப்பு வேறு. பெரிய குடும்பத்தில் ஒரே தொழில் செய்வோர் இருப்பதும், சிறிய குடும்பத்தில் பல கலை வல்லார் இருப்பதும் போன்றது இது.

எழுத்துக்குள் எண்

நேமிசந்திரர் இந்த எண்ணைச் சொல்லிய முறை இலக்கியம் பயின்றோர்க்குச் சுவையானது. அவர் இலக்கங்களை எழுதவில்லை. ஒவ்வோர் இலக்கத்திற்கும் ஒவ்வோர் எழுத்தாக வைத்து, இருபத்தொன்பது எழுத்துகளைச் செய்யுளில் கோத்துவிட்டார். க முதல் ஒன்பது மெய்களுக்கு ஒன்று முதல் ஒன்பது. வல்லின நா மடி வருக்கத்தின் ட முதல் மீண்டும் ஒன்று முதல் ஒன்பது. ப முதல் ம வரை ஒன்று முதல் ஐந்து. ய முதல் ஹ வரை ஒன்று முதல் எட்டு. ஞகர நகரங்களுக்குச் சுழியம். இதுவே கடபயாதி முறை. செய்யுளின் முதல் எழுத்து தகரம். அதன் மதிப்பு ஆறு. அதுவே நம் எண்ணின் கடைசி இலக்கம். கோவையின் இறுதி எழுத்து சகரம். அதன் மதிப்பு ஏழு. அதுவே எண்ணின் முதல் இலக்கம். எண்ணை வலமிருந்து இடமாகப் படிப்பது அம்மரபு.

தமிழ் நெடுங்கணக்கில் இம்முறையை அப்படியே கையாள முடியாது. ககர வருக்கத்தின் நான்கு வல்லொலிகளுக்கும் நம்மிடம் க என்னும் ஓரெழுத்தே உண்டு; அங்கே அந்நான்கும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என வேறு வேறு எண்கள். மணிப்பிரவாளத்தில் ஸ்ரீபுராணம் படித்த நம் முன்னோர் கிரந்த எழுத்தையும் கற்றது ஏன் என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம். ஓரெழுத்தை மாற்றி ஒலித்தால் கோடிக்கணக்கில் பிழை நேரும்.

அப்படிப் பிழை நேர்ந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் எண்ணின் இயல்பே துணை. இலக்கங்கள் அனைத்தையும் கூட்டுங்கள். 127 வரும். அதன் இலக்கங்களைக் கூட்டினால் 10. மீண்டும் கூட்டினால் 1. எனவே இவ்வெண்ணை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று வர வேண்டும். இப்போது வேறு வழியில் பாருங்கள். ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64. அதனை ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று. 96 இரண்டுகள் என்பது பதினாறு அறுபத்துநான்குகளின் பெருக்கம். மீதி ஒன்றையே பதினாறு முறை பெருக்கினாலும் ஒன்றுதான். இரு வழியும் ஒத்துவந்தன.

இரண்டு இலக்கங்கள் தம்முள் இடம் மாறியிருந்தால் இச்சோதனை காட்டாது. அண்டை இலக்கங்கள் மாறியதைக் காணப் பதினொன்றைக் கொள்ள வேண்டும். வலப்புறமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டினால் ஒரு பக்கம் 79, மறுபக்கம் 48. வேறுபாடு 31, பதினொன்றால் வகுத்தால் மீதி 9. மற்றொரு வழியில், பத்து இரண்டுகளின் பெருக்கம் 1,024; அதனைப் பதினொன்றால் வகுக்க மீதி ஒன்று. ஆகவே தொண்ணூறு இரண்டுகளுக்கும் மீதி ஒன்று. எஞ்சிய ஆறு இரண்டுகள் 64. அதன் மீதி 9. இங்கும் ஒத்துவந்தது. ஆயிரம் ஆண்டுகளாக ஏட்டுக்கு ஏடு படியெடுக்கப்பட்டு வந்த செய்யுள், ஓர் இலக்கமும் சிதையாமல் நம் கைக்கு வந்திருக்கிறது. இதை நம்பிக்கையால் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

வீரசேனரின் மறுப்பு

இதுவரை எண்ணின் பெருமை சொன்னேன். இன்றைய உரையின் இன்றியமையாத பகுதி இனிமேல்தான் வருகிறது.

சட்கண்டாகமத்தை இயற்றியவர்கள் புட்பதந்தர், பூதபலி என்னும் இரு முனிவர்கள். அவர்களுள் பூதபலி தமிழ்நாட்டுக்கு வந்தார் என்று தவளா உரை கூறுகிறது. உயிர்களின் தொகை கூறும் திரவியப் பிரமாணம் என்னும் பகுதியை இயற்றியவர் அவரே. அதில் பரியாப்த மானிடர் தொகைக்கு இரண்டு வேலிகள் இடப்படுகின்றன. கோடியை மும்முறை பெருக்கிய தொகைக்கு மேல், நான்கு முறை பெருக்கிய தொகைக்குக் கீழ் என்பது ஒரு வேலி. ஆறாம் வர்க்கத்திற்கு மேல், ஏழாம் வர்க்கத்திற்குக் கீழ் என்பது மற்றொரு வேலி.

நம் எண்ணை இவ்வேலிகளுக்குள் நிறுத்திப் பாருங்கள். ஏகட்டியைவிடப் பெரியது, 39 இலக்கம் உடைய ஏழாம் வர்க்கத்தைவிடச் சிறியது. எனவே இரண்டாம் வேலிக்குள் அடங்குகிறது. ஆனால் கோடியை நான்கு முறை பெருக்கினால் ஒன்றும் அதன்பின் 28 சுழியங்களும் வரும். அதுவும் 29 இலக்க எண்தான். நம் எண்ணோ ஏழில் தொடங்குவது. ஆகவே முதல் வேலியை ஏறத்தாழ எட்டு மடங்கு தாண்டி நிற்கிறது. இலக்கங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது. வீரசேனர் பார்த்தார். தமக்கு முந்திய ஆசிரியர் சிலர் சொல்லிய 29 இலக்கத் தொகை சூத்திரத்தின் வேலியைக் கடக்கிறது என்று கண்டார். அத்தோடு நில்லாமல் மானிடர் வாழும் நிலத்தின் பரப்பையும் கணக்கிட்டு, இத்தொகையினர் அதனுள் அடங்கார் என்று காட்டி, அக்கொள்கையை மறுத்தார்.

அதே வினாவை நாமும் நம் மரபு அளவைகளைக் கொண்டு போட்டுப் பார்க்கலாம். மானிட உலகம் 45 இலட்சம் யோசனை விட்டமுள்ள வட்டம். 24 விரல் ஒரு முழம். நான்கு முழம் ஒரு வில். 2,000 வில் ஒரு குரோசம். நான்கு குரோசம் ஒரு யோசனை. ஆக ஒரு யோசனை 7,68,000 விரல். தீவு கடல்களை அளக்கும் பெரிய யோசனை இதனைப்போல் 500 மடங்கு. இப்பெரிய யோசனையையே கொண்டு, கடல்களையும் நிலமாகவே எண்ணிப் பங்கிட்டாலும், 29 இலக்கத் தொகையினருள் ஒருவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 30 சதுர விரல். ஆறு விரல் நீளம், ஐந்து விரல் அகலம். உள்ளங்கை அகல இடம்! கோடியின் நான்காம் பெருக்கமாகவே கொண்டால் ஆளுக்கு ஏறக்குறைய 236 சதுர விரல், அதாவது பதினைந்து விரலுக்குச் சற்று மிகுதியான ஒரு சதுரம். நெருக்கியடித்து நிற்கவாவது இயலும்.

பெருமக்களே, இங்கே ஒன்றை ஆழ்ந்து நோக்க வேண்டும். வீரசேனர் ஐயவாதி அல்லர். ஆகமத்தைக் காப்பதற்கென்றே வாழ்நாளைச் செலவிட்ட துறவி. அவரே, ஆசிரியர் சொன்னார் என்பதற்காக ஓர் எண்ணை ஏற்கவில்லை. பெருக்கிப் பார்த்தார், அளந்து பார்த்தார், பிறகே சொன்னார். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் வந்த நேமிசந்திரர் அதே 29 இலக்க எண்ணைச் செய்யுளில் வைத்துப் போற்றினார். நம் மரபு இருவரையும் ஆசாரியராகவே வணங்குகிறது. மறுத்தவரை விலக்கவில்லை, சொன்னவரை இகழவில்லை. நம் ஊர்க் கோயில் சுவரில் முதற் பராந்தகனின் குடவோலைக் கல்வெட்டுகள் 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டன. வீரசேனர் அதற்கு நூறாண்டு முந்தியவர்; நேமிசந்திரர் அரை நூற்றாண்டு பிந்தியவர். தகுதியை ஆராய்ந்தபின் ஒருவரை ஏற்பது ஊராட்சியில் விதியாயிருந்த காலத்தில், எண்ணையும் ஆராய்ந்தபின் ஏற்பது கல்வியில் விதியாக இருந்தது.

இதனை அனேகாந்தம் என்று சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் கவனமாகச் சொல்ல வேண்டும். எந்த விடையும் சரி என்பது அனேகாந்தம் ஆகாது. ஒரே எண்ணை 29 இடம் என்றும், இரு வர்க்கங்களின் பெருக்கம் என்றும், 96 பாதி என்றும், பாதாலத்தின் கனம் என்றும் பல நோக்கில் சொல்கிறோமே, அது அனேகாந்தம். எல்லா நோக்கும் ஒரே எண்ணில் வந்து சேர்கின்றன. இரண்டின் 96-ஆம் அடுக்கு இதுதான் என்பது ஒருவகை உண்மை. அதற்கு நாடும் இல்லை, காலமும் இல்லை. இத்தனை மானிடர் உளர் என்பது வேறுவகைக் கூற்று. அதனை நிலத்தோடும் அளவையோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பாமல் வைத்துக்கொண்டதே வீரசேனரின் தெளிவு.

இன்று நம் பிள்ளைகளுக்கு இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, பழைய நூல்களில் உள்ள பேரெண்கள் வெறுங்கற்பனை என்று நகைக்கும் குரல். மற்றொன்று, பாதாலமும் ஏகட்டியும் கணிப்பொறியில் வருகின்றன, ஆகவே கணிப்பொறியைக் கண்டவர் நம் முன்னோரே என்று கைப்பேசியில் பரப்பும் குரல். கணிப்பொறியில் அவ்வெண்கள் வருவது உண்மை. பாதாலம், பழைய இணைய முகவரிகளின் மொத்தத் தொகை. இருமை முறையில் இயங்கும் எதிலும் இரண்டின் அடுக்குகள் வந்தே தீரும். அது எண்ணின் இயல்பு, எவருடைய உடைமையும் அன்று. நகைப்பவரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. பெருமை பேசுபவரும் போட்டுப் பார்ப்பதில்லை. வீரசேனர் போட்டுப் பார்த்தார்.

மூடபித்திரியில் ஓலைச்சுவடிகளாகக் காக்கப்பட்டுவந்த தவளா உரை அச்சேறத் தொடங்கியது 1939-இல். 1942-இல் வெளிவந்த நான்காம் தொகுதியில் அதன் கணிதத்தைப் பற்றி இலக்னோ பல்கலைக்கழகப் பேராசிரியர் அவதேஷ் நாராயண சிங் எழுதினார். மகாவீராசாரியரின் கணிதசார சங்கிரகத்தை மொழிபெயர்ப்புடன் 1912-இல் முதன்முதல் பதிப்பித்தவர் சென்னையிலிருந்த பேராசிரியர் ரங்காசாரியார். சமணரல்லாத அறிஞர் பலரும் நம் நூல்களைத் திறந்து கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிறு தொகையினராகிய நாம் அந்நூல்களைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்துப் பூசிப்பதோடு நின்றுவிடலாகாது.

ஆகவே விழாக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு இதே மேடையில் ஒரு கரும்பலகை வையுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் எழுவர் வரட்டும். எச்சமயத்துப் பிள்ளையாயினும் வரட்டும். ஆளுக்கு ஒரு பெருக்கலாக இரண்டில் தொடங்கி இவ்வெண்ணை எழுதட்டும். எட்டாவதாக வரும் பிள்ளை ஒன்பதாலும் பதினொன்றாலும் அதனைச் சோதித்து, சரி என்றோ பிழை என்றோ சபையில் துணிந்து சொல்லட்டும். மற்ற எழுவருக்கும் பரிசு தாருங்கள். எட்டாவது பிள்ளைக்கு இரண்டு பரிசு தாருங்கள்.